ஆறும்வரை கிண்டக் கூடாது

1.
கோபத்தில் பிறந்த கதை இது, மறைப்பானேன். படப்பையில் என் வீட்டு அடுப்பில் மூன்று தடவை சாக்லேட் ஃபட்ஜ் செய்தேன். மூன்று தடவையும் மணல் மணலாகப் போனது. பழைய முறை: சர்க்கரை, பால், கோகோ மூன்றையும் காய்ச்சி, தண்ணீரில் விட்டால் உருளும் பதத்தில் இறக்கி, வெண்ணெய் போட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை தொடாமல் வைக்க வேண்டும். நடுவில் கரண்டி போட்டால் தொலைந்தது. நான் போட்டேன். சும்மா இருக்கத் தெரிந்தவன் கதை எழுத வருவானா?

2.
ஆகவே பொறுமையுள்ள ஒரு பெண்ணை உருவாக்கினேன். “இன்னா பேச்சி, பஸ்ஸு லேட்டா” என்று வேல்விழி (இல்லை, இவள் கோவில்பட்டிக்காரி. இப்படிப் பேச மாட்டாள். அடித்துவிட்டேன்.)

வேல்விழிக்கு ஒரகடத்தில் வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை. அறைத்தோழி பேச்சியும் அதே லைன். பேச்சி ஒரு போல்ட்டைச் சரியாக முடுக்காததை வேல்விழி சூப்பர்வைசரிடம் சொல்லப்போக, பேச்சியைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். பத்து நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே அறை, ஒரே அடுப்பு, பத்து நாள். வேல்விழிக்குத் தாங்கவில்லை. பேச்சிக்கு இனிப்பென்றால் உயிர். அதனால் லீவு நாளில் ஃபட்ஜ் காய்ச்சுகிறாள்.

(அவள் சூப்பர்வைசரிடம் சொன்னது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

3.
மாலை நாலு மணி. பதம் அழகாக வந்திருக்கிறது, எனக்கே பொறாமை. அணைத்த அடுப்பின் மேல் பாத்திரம் ஆறுகிறது. வேல்விழி மாடியில் துணி எடுத்துவிட்டுத் திரும்பினால், கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கிய பேச்சி, பையைக்கூடக் கழற்றாமல், அடுப்பு அணைந்திருப்பதையும் பார்க்காமல் கிண்டிக்கொண்டிருக்கிறாள்.

ஷிப்ட் முடிந்து வருகிறவர் அடுப்பில் இருப்பதைப் பார்த்துக்கொள்வது அந்த அறையின் வழக்கம். பத்து நாளாகப் பேச்சி அதையும் விட்டிருந்தாள். இப்போதுதானா ஞாபகம் வர வேண்டும்?

“ஏட்டி, அடி பிடிக்கப் போவுது,” என்றாள் பேச்சி.

4.
முடிவு ஒன்று: வேல்விழி கத்துகிறாள். மிச்ச ஃபட்ஜாவது பிழைக்கிறது. பேச்சி கரண்டியை வைத்துவிட்டு

(அடித்தேன்.)

முடிவு இரண்டு: பக்குவமாக எடுத்துச் சொல்கிறாள். (என்னவென்று? இன்னொரு தப்பையும் கண்டுபிடித்துவிட்டேன் என்றா?)

மூன்றாவதை வேல்விழி என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டாள்.

“நல்லாக் கிண்டு பேச்சி.”

அருமையான பதம் கண்ணெதிரே மணலாகிறது. பேச்சி அடுத்து என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் முதல் வேலையாக அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிவிடுவேன்.