மனமுவந்து அழைத்ததன்பேரில்

அன்று காலை கோட்டாற்று வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரர் மைதீன் கனி, மனைவி ஜைனம்பு, மருமகள் ஷாஹினாஸ், சப்-இன்ஸ்பெக்டர் சிஜின், ஒரு பெண் காவலர், சாட்சிக்கென்று அவர்கள் கூட்டி வந்த எதிர்க்கடை ஐயப்பன், தையற்காரர் சுதன். மகன் சபீர் துபாயில் இருந்தான்.

திருட்டு செல்போன்களை அந்தத் தெருவில் எங்கோ பதுக்கியிருப்பதாகத் துப்பு வந்திருக்கிறது, வீட்டைப் பார்க்கலாமா என்று சிஜின் படிக்கு வெளியே நின்று கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து ஷாஹினாஸ் மெல்லச் சொன்னாள்.

"மாமா, வாரண்டு உண்டுமான்னு கேளுங்க. இல்லேன்னா என்ன காரணம்னு எழுதிக் காட்டச் சொல்லுங்க."

மைதீன் கனிக்குச் சுருக்கென்றது. மடியில் கனமுள்ளவன் அல்லவா காகிதம் கேட்பான்? நாலு தலைமுறையாகக் கொப்பரை வியாபாரம் செய்த குடும்பம். தராசில் விரல் வைத்தார்கள் என்று ஒரு நாக்கு பேசியதில்லை.

"நீ உள்ள போ மக்கா," என்று அவளை அடக்கினார். "வீட்டுக்கு வந்தவங்களப் படியில நிறுத்துற வழக்கம் எங்களுக்கு இல்ல சார். உள்ள வாங்க. எங்க வேணும்னாலும் பாருங்க."

ஜைனம்புவிடம் சாயா போடவும் சொன்னார்.

செல்போன் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியாக ஷாஹினாஸின் பீரோவைத் திறந்தார்கள். பெண் காவலர் சீலைகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டார். அடியில், துணியில் சுற்றிய ஒரு ஆஸ்பத்திரிக் கோப்பு. இவ்வளவு பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறார்களே என்று சிஜின் அதைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார். பெயர், சபீர். விந்தணுப் பரிசோதனை. குறைபாடு என்ற சொல் வரை வந்து, சட்டென்று மூடிவிட்டார். ஐயப்பன் தரையைப் பார்த்தார். சுதன் சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேரப்பிள்ளை இல்லாத குறைக்கு ஆறு வருஷமாக ஜைனம்பு ஏசியதெல்லாம் மருமகளைத்தான். மைதீன் கனி ஒருநாளும் தடுத்ததில்லை. அவளும் வாய் திறந்ததில்லை. அவருடைய மகனின் மானத்தைச் சீலைக்கடியில் வைத்துக் காத்திருக்கிறாள். அதை அவர் சாயா கொடுத்து ஊருக்குக் காட்டிவிட்டார்.

மூன்று நாள் அவள் பரிமாறிய சோற்றைத் தட்டைப் பார்த்தே தின்றார். நாலாம் நாள் காலை, போலீஸ் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துப் போன சோதனை அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு வக்கீல் தேவகனியிடம் போனார். அவசரமென்றால் வாரண்டு இல்லாமலும் வரலாம், ஆனால் காரணத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும் என்றாள் தேவகனி. சிஜின் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அப்படியானால் கேஸ் போடலாமே என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் கடைசி வரியில் விரலை வைத்தாள். 'வீட்டு உரிமையாளர் மனமுவந்து அழைத்ததன்பேரில் உள்ளே சென்று.' கீழே அவருடைய கையெழுத்து, வழக்கமான சுழிப்போடு.

"அவங்க அத்துமீறி வரல்ல ஐயா. நீங்க விருந்துக்கு விளிச்சிருக்கிய."

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும்போது, தூரத்து உறவுக்காரர் ஒருவர் அவர் தோளில் கை போட்டார்.

"கேள்விப்பட்டேன் காக்கா. நீங்க வீட்டுல இல்லாத நேரமாமே. மருமவப்புள்ள வெவரமில்லாம போலீஸ உள்ள விட்டுட்டாளாம். படிச்ச புள்ளன்னு நம்பினா இதுதான்."

சுற்றிலும் நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு தலையாட்டல் போதும். அவர் பெயர் தப்பிவிடும், பழி வழக்கம்போல அவள் தலையில் போய் உட்காரும். மைதீன் கனி தோளிலிருந்த கையை எடுத்துவிட்டார்.

"தப்பு. நான் வீட்டுலதான் இருந்தேன். காகிதம் கேளுங்கன்னு சொன்னது அவ. உள்ள வாங்கன்னு கூப்பிட்டது நானாக்கும்."