ஏரிச் சேறும் ஒரு மருமகளும்

தன் புருஷனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்களுக்கு அவளேதான் தேநீர் போட வேண்டியிருந்தது. கூடத்தில் மாமியாரின் குரல் வெண்ணெயாய் வழுக்கியது.

“மூணு தடவை தரிச்சுது, மூணும் தங்கல. எங்க பையன்கிட்ட ஒரு குறையும் இல்லைங்க. அவ வயித்து ராசி அப்படி.”

மாமனார் பெரிய மனுஷத்தனமாகத் தலையாட்டினார். ஊருக்கே பூச்சிமருந்து விற்றவர். காலி டப்பாக்களை அலசியதும் காலாவதியான மருந்தைக் கவிழ்த்ததும் கடைக்குப் பின்னால் இருந்த ஏரியில்தான். வயல்களில் தெளித்ததும் மழையோடு வடிந்து அங்கேயே சேர்ந்தது. போன வருஷம் சேற்றை எடுத்துச் சோதித்த பெண் ஆய்வாளர் வீடு தேடி வந்து சொன்னாள்: என்றோ தடை செய்த மருந்துகூட அடியில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது, சேற்றைப் புழு தின்கிறது, புழுவை மீன் தின்கிறது, கர்ப்பிணிகள் அந்த மீனைத் தொடவே கூடாது.

“சேத்துல கெடக்கிறது எந்திரிச்சா வரப்போவுது?” என்று சிரித்து அனுப்பினார் மாமனார்.

தேநீரை வைத்த மருமகள் உள்ளே போகவில்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்த பெண்ணின் தாயைப் பார்த்துச் சொன்னாள்: “அக்கா, இந்த வீட்டுப் பசுவும் செத்த கன்னுதான் போட்டுச்சு. ஏரில மேஞ்ச வாத்தோட முட்டை கை பட்டாலே நொறுங்குச்சு. பசுவ மாத்தினாங்க. வாத்த மாத்தினாங்க. இப்ப என்னை மாத்தறாங்க. ஏரிய மட்டும் மாத்த முடியல.”

“வாய மூடுடி,” என்றாள் மாமியார். புருஷன் தரையைப் பார்த்தான். மனைவி பேசும்போதெல்லாம் தரையைப் பார்த்தே பழகிய கழுத்து அது.

பெண்ணின் தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“இருந்து சாப்ட்டுட்டுப் போங்க சம்பந்தி, மீன் ஆக்கியிருக்கு,” என்று மாமியார் பதறினாள்.

“ஏரி மீனா?”

“சீச்சீ, கடல் மீனுங்க. ஏரி மீன நாங்க வாயில வைக்கிறதை நிறுத்தி ஒரு வருஷமாச்சு.”

“அப்ப வாசல்ல ஏரிச் சேறு ஒட்டின மீன் கூடை இருக்கே, அது யாருக்கு?”



“எனக்குத்தான் அக்கா,” என்றாள் மருமகள். “பிள்ளை தங்கறதுக்குச் சத்துன்னு அத்தை சொல்வாங்க. இந்த வருஷம் கடைசியா தரிச்சப்பகூட அதான்.”

வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவளும் துணிப்பையோடு வாசலுக்கு வந்தாள். அப்போதுதான் புருஷனுக்கு வாய் திறந்தது.

“நீயும் போயிட்டா நாளைக்கு யார் சமைக்கிறது?”

“நீங்களே ஆக்குங்க,” என்றாள் அவள். “அந்தக் கூடை மீன உங்கம்மாவுக்குப் போடுங்க. சத்து.”