சூடான குழாயில் காய்ந்த துணி

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாச்சை உருண்டைக் கம்பெனி அச்சுக்காரன் கத்திய கத்தலில் காவலாளி ஓடிவந்துவிட்டார்.

"துவைச்சேன்னு சொல்றேன்ல! வெந்நீர்ல, சோப்பு போட்டு, கை தோலு உரியுற வரைக்கும்!"

டாக்டரம்மா அவன் கொண்டுவந்திருந்த குட்டிச் சட்டையை மூக்கருகே கொண்டுபோய், முகம் சுளித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டாள்.

"பாச்சை உருண்டை நாத்தம் குடலைப் புரட்டுது. உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. மீசை முளைத்த காலத்திலிருந்து மெஷின் அச்சில் பாச்சை உருண்டை அழுத்தி எடுக்கிறவன் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. அவன் துணியைத் துவைத்துத் துவைத்து மனைவிக்கும் அதே கதி.

உடைந்த உருண்டைகளை எடுத்துக்கொண்டு போகக் கம்பெனி விடும். பிள்ளை பிறக்குமுன்பே அவன் அக்கா அதில் ரெண்டு கை அள்ளி, குழந்தைத் துணிப்பெட்டியில் போட்டு வைத்தாள். ஆசையாகத்தான் வைத்தாள். பிள்ளைக்கு ரத்தத்தில் பிறவிக் குறை. அந்த வாசம் உடம்பில் ஏறினால் ரத்தம் உடையும் என்று யாருக்குத் தெரியும்? அந்தத் துணி போட்டதும் பிள்ளை மஞ்சளாகி, மூத்திரம் கறுத்து, ரத்தம் ஏற்றித்தான் கண் திறந்தது. பெட்டித் துணி ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதும், துவைத்தால் போச்சு என்று இவன் துவைத்தான். வெளியே விடாத மழை. சீக்கிரம் காயட்டுமே என்று தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், உருண்டைக்கான நாப்தலீன் உருகி ஓடும் சூடான குழாய்மேல் விரித்தான். கொதிகலனில் கிளம்பும் ஆவி உத்தரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நிற்பதைத் தினமும் சுரண்டுகிறவன்தான். தண்ணீரில் கரையாது, காற்றில் கிளம்பும், குளிர்ந்த இடத்தில், ஈரத் துணியிலும், போய் உட்காரும். எல்லாம் தெரியும். தெரிந்தும் புத்தி புல் மேயப் போய்விட்டது.

நேற்று அந்தத் துணியைப் போட்டார்கள். இன்று மறுபடியும் மஞ்சள்.

கதவிடுக்கில் மனைவி எட்டிப்பார்த்தாள். அழுது வீங்கிய முகம்.

"மறுபடி ரத்தம் ஏத்துறாங்க. நீங்க உள்ள வராதீங்க. உங்க மேலயும் அதான் இருக்குமாம்."

அவன் நேரே தொழிற்சாலைக்குப் போனான்.

சூப்பர்வைசருக்குச் சிரிச்ச மூஞ்சி என்று பட்டப்பெயர். விருந்தாளி வந்தால் வாய் ஓயாது: சாயத்துக்கு இதுதான், பிளாஸ்டிக்குக்கு இதுதான், கான்கிரீட்டுல கலக்குறதும் இதுலருந்துதான். அன்றும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"புள்ளை எப்பிடிப்பா இருக்கு?"

"அந்த உருண்டையை உங்க வீட்டுல எங்க வெச்சிருக்கீங்க?"

"எங்க வீட்டுலயா? வெக்கிறதில்லப்பா. சின்னப் புள்ளைங்க இருக்கிற வீடு, ஆகாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்கே."

"டப்பாவுல போட்டிருக்கு. எங்களுக்குக் கொடுக்கிற உடைசல் சாக்குல போட்டிருக்கா?"

சிரிப்பு நின்றது.

"அது... சும்மா கொடுக்கிறதுதானேப்பா."

"சும்மாவா? எம்புள்ளை ரத்தம்யா அது!"

வாசலில் இருந்த உடைசல் சாக்கை இழுத்துவந்து அவர் மேஜைமேல் கவிழ்த்தான். உருண்டைகள் டீ டம்ளருக்குள்ளும் மடியிலும் தெறித்தன. பேக்கிங் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள்.

"அக்காமாரே, வீட்டுல கைக்குழந்தை இருக்கிறவங்க கேளுங்க. இதைக் கொண்டுபோய் வெக்காதீங்க. வெச்சிருந்தா இப்பவே போய்த் தூக்கிப் போடுங்க!"

ஒருத்தி மடியில் முடிந்திருந்த பொட்டலத்தை அவிழ்த்து மேஜையில் வீசினாள். பின்னாலேயே இன்னொருத்தி. அதற்குப்பின் யார் யார் என்று அவன் பார்க்கவில்லை.

கடையில் புதுச் சட்டையும் வேட்டியும் வாங்கிக்கொண்டு, பொதுக்குழாயில் தேய்த்துக் குளித்தான். போட்டிருந்ததைக் குப்பையில் எறிந்துவிட்டு, புதுசை உடுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பிள்ளை வாயைக் கோணி வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ரத்தம் ஒத்துக்கொண்டது, பால் குடித்தான் என்று மனைவி சாடை காட்டினாள். தூக்கவா என்று இவன் கையை நீட்டிக் கேட்டான்.

நாத்தம் போயிற்றா என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. காவலாளியிடம் திரும்பினான்.

"அண்ணே, கொஞ்சம் மோந்து பாருங்கண்ணே."

காவலாளி கூச்சத்தோடு அவன் கழுத்தருகே குனிந்தார். நிமிர்ந்தவர் கண்ணைப் பார்க்கவில்லை.

"இன்னும் அடிக்குதுப்பா."

அவன் மறுபடியும் குழாயடிக்கு நடந்தான்.