படகுக்கு ஒரு வினைமுற்று

1.

இதைக் கதையாக எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அஃபிடவிட்டாகத்தான் தொடங்கினேன்.

பாபநாசத்தில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில், பதினேழு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். கதையும் எழுதுவேன். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ சிறுபத்திரிகைகளில் வரும். பத்திரத்தில் நான் 'சுவாதீனம் ஒப்படைத்துவிட்டார்' என்று அடித்தால் நிலம் கைமாறிவிடும். கதையில் நான் எதை எழுதினாலும் உலகத்தில் ஒரு துரும்பும் அசைந்ததில்லை. இந்த வித்தியாசத்தை நம்பித்தான் இத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை ஹுமைரா என்ற பெண் வந்தாள். இருபத்தெட்டு வயது, கணக்கில் பட்டம். கணவர் இர்பான், மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் படகோட்டி. கடைசியாக அவருடன் எப்போது தொடர்பு இருந்தது என்று ரிசார்ட்டில் அஃபிடவிட் கேட்கிறார்களாம். நான் வழக்கம்போல அடித்துக்கொண்டே போனேன். 'என் கணவர் இர்பான் என்பவர் கடந்த ஜூலை மாதம் ஒன்பதாம் தேதி முதல்' என்பது வரை வந்து, "காணாமல் போனார்னு போடட்டுமா?" என்று கேட்டேன்.

"காணாம போகலக்கா," என்றாள். "தெனம் காலைல தெரியுறார்."

2.

கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'கடல் அன்று வழக்கத்துக்கு மாறாக' — விட்டுவிட்டேன். அந்தக் கடலின் வழக்கம் எனக்குத் தெரியாது. நான் பார்த்த கடல் வேளாங்கண்ணியில், முழங்கால் வரை.

'நடவு முடிந்த வயலில் காற்று அலை அலையாக' — இதையும் விட்டேன். வயலைக் கடலாக்காத டெல்டா எழுத்தாளர் கிடையாது. வயல் வயலாகவே இருக்கட்டும்.

'ஹுமைரா பொய் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.'

இது உண்மை. இங்கிருந்தே போகலாம்.

3.

அவளும் அந்த ரிசார்ட்டுக்கு வேலை பார்த்தவள்தான், பாபநாசத்தில் மாமியார் வீட்டில் இருந்தபடி. அங்கே தீவுக்கு வெளியே ஒரு பவளப்பாறைத் திட்டு. அதன்மேல் எழும் அலையில் பலகை போட்டுச் சறுக்குவதற்காக உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். (அந்த அலைக்கு ஒரு பெயர் உண்டு. எழுதப்போவதில்லை. காரணம் போகப் போகப் புரியும்.) இர்பான் தினமும் காலை ஆறு மணிக்குச் சின்னப் படகில் தனியாகப் போய்த் திட்டைப் பார்த்துவிட்டு, வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்புவார். ஹுமைரா அதை ஆங்கிலத்தில் திருத்தமாக எழுதி ஏழு மணிக்குள் ரிசார்ட்டின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். நான்கு கட்டங்கள்: அலை எத்தனை அடி, அலைக்கும் அலைக்கும் நடுவில் எத்தனை வினாடி, காற்று எந்தப் பக்கம், ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா. கீழே ஐந்தாவதாக 'வேறு குறிப்புகள்'. அது எப்போதும் காலியாகவே இருக்கும்.

அந்தத் திட்டை எனக்கு அவள் இப்படி விளக்கினாள். அதற்குத் தெற்கே மறைப்பு ஒன்றும் கிடையாது, தென்துருவம் வரை வெறும் தண்ணீர்தான். அங்கே எங்கோ அடித்த புயலின் அலை, பாதாள ஆழத்தில் சத்தமில்லாமல் நடந்து வந்து, இந்தப் பாறையில் கால் இடறி ஒரேயடியாக எழுந்து நிற்கும். மேற்குக் காற்று அடித்தால் அலையின் முகம் கலையாமல் நிமிர்ந்திருக்கும். காற்று கிழக்கே திரும்பினால் எல்லாம் குலைந்துவிடும். பாறையை ஒட்டி ஒரே ஒரு வழி உண்டு. படகு போவதும் வருவதும் அதில்தான்.

"அத அவர் வாய்க்கால்னுதான் சொல்வார்," என்றாள். "எனக்குப் புரியணும்னு."

அவள் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. இரண்டு வருடம், விடிந்தால் அதைப் பற்றி எழுதியிருக்கிறாள்.*

* நானும் பார்க்காத நிலங்களுக்கு நான்கெல்லை எழுதுகிறவள்தான். இதைக் கேட்டபோது எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

4.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் தீவில் டவர் வேலை செய்யவில்லை. குரல் பதிவு வரவில்லை. ஏழு மணியாகப் போகிறது. ஹுமைரா தானாகவே எழுதினாள்: ஆறடி, பதினான்கு வினாடி, மேற்குக் காற்று, பதினோரு மணிக்குக் கிழக்கே திரும்பும். சாயங்காலம் டவர் வந்ததும் இர்பான் கூப்பிட்டு, பதினோரு மணிக்குக் காற்று திரும்பும் என்று உனக்கு யார் சொன்னது, சொன்னபடியே திரும்பியது என்றாராம். சும்மா குத்துமதிப்பாகப் போட்டேன் என்றிருக்கிறாள். அவர் சிரித்திருக்கிறார்.

அந்தப் பருவத்தில் யார் எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நான் சொன்னேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதுக்காகத்தான் ரெண்டாவது தடவ வேணும்னே செஞ்சு பாத்தேன்."

அன்று இர்பான் அனுப்பிய பதிவில் எட்டடி அலை. அவள் அதை எழுதாமல், அலை இல்லை, காற்று இல்லை, கடல் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று எழுதினாள். ஒன்பது மணிக்குக் கடல் அடங்கிவிட்டது. நடுப் பருவத்தில், மறைப்பில்லாத அந்தத் திட்டில், மூன்று மணி நேரம் ஓர் அலை இல்லை. நுரை மறைந்து பாறையின் விளிம்பு பல் வரிசை மாதிரி வெளியே தெரிந்தது. பக்கத்துத் தீவு மீனவர்கள் படகுகளைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். இர்பான் அதையெல்லாம் வீடியோ எடுத்து அனுப்பினார், கடலுக்கு முதுகைக் காட்டிச் சிரித்தபடி. பன்னிரண்டு மணிக்கு, அந்த மூன்று மணி நேரத்து அலையும் சேர்ந்து வந்தது. படகுத்துறையின் பாதியைக் கொண்டுபோய்விட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் இர்பானிடம் எதையும் சொல்லவில்லை. இனி அவர் சொல்லாத ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை என்று தனக்குள் முடிவு செய்துகொண்டாள்.

5.

ஜூலை ஒன்பது. ஆறே முக்கால் ஆகியும் பதிவு வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பிறகு ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. ரிப்போர்ட் எங்கே என்று மேனேஜர் கேட்டிருந்தார். ஏழு மணிக்குள் ஏற்றாவிட்டால் முந்தைய நாள் ரிப்போர்ட்தான் தெரியும். அதைப் பார்த்து ஆட்கள் கடலில் இறங்கிவிடுவார்கள்.

நான்கு காலிக் கட்டங்களின் முன் அவள் உட்கார்ந்திருந்தாள். அமைதி என்று எழுதலாம், ஆனால் அமைதிக்குப் பிறகு என்ன வரும் என்று பார்த்திருக்கிறாள். பெரிய அலை என்று எழுத முடியாது. ஒன்றுமே எழுதாமல் விட்டால், அதையும் அந்தக் கடல் எப்படி எடுத்துக்கொள்ளுமோ. மாமியார் அடுப்படியிலிருந்து டீ ஆறுகிறது என்று குரல் கொடுத்தார். ஹுமைரா நான்கு கட்டங்களையும் விட்டுவிட்டு, ஐந்தாவதில், எப்போதும் ஆங்கிலத்தில் எழுதுகிறவள் அன்று தமிழில் எழுதினாள்:

படகு திரும்பிக்கொண்டிருக்கிறது.

எழுதி ஏற்றிவிட்டாள்.

திரும்பிவிட்டது என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மணி ஏழுதானக்கா ஆயிருந்துச்சு. அவர் எட்டு மணிக்குத்தான் கரைக்கு வருவார். பொய் எழுதக் கூடாதுன்னு நெனச்சேன்."

6.

பாத்திரங்களைச் சந்தேகிப்பது என் வேலை. அன்று காலை கடலுக்குப் போன ஒருவர் திரும்பவில்லை. கடலோரக் காவல் படை நான்கு நாள் தேடியும் படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. இவ்வளவுதான் உறுதி. மற்றதெல்லாம் துக்கம் கட்டிய கதையாக இருக்கலாம்.

ஆனால் இர்பானின் தம்பி ஃபாஜில் அதே ரிசார்ட்டில் சமையல்கட்டில் இருக்கிறான். பத்தாம் தேதியிலிருந்து, தினமும் காலையில், திட்டுக்கு வெளியே அண்ணனின் வெள்ளைப் படகு தெரிகிறது என்கிறான். மூக்கு கரையைப் பார்த்து இருக்கிறது. எஞ்சின் சத்தம் கேட்கிறது. வாய்க்காலின் வாய் வரை வருகிறது. அப்போது நடுவில் ஓர் அலை எழுந்து மறைக்கிறது. அலை இறங்கியதும் படகு இல்லை. முதல் வாரம் எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். இப்போது அந்த நேரத்தில் கடல் பக்கம் யாரும் போவதில்லையாம்.

வேறு படகாக இருக்கும், வெயிலின் கண்கூச்சமாக இருக்கும் என்று சொன்னேன். வீடியோ கேட்டேன். அனுப்பினான். அதில் படகு இல்லை. வெறும் அலைகள். ஆனால் சத்தம் இருந்தது. ஓர் எஞ்சின் நெருங்கி வருகிறது. நாற்பதாவது வினாடியில் அதன் வேகம் மெல்லக் குறைகிறது.

"வாய்க்கால்ல திருப்புறதுக்கு முன்னாடி அவர் அப்படித்தான் கொறைப்பார்," என்றாள் ஹுமைரா. "பழைய வீடியோ எல்லாத்துலயும் இருக்கு."

பழைய வீடியோக்களைக் கேட்டுப் பார்த்தேன். இருந்தது.

7.

இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

ஒரு வியாழக்கிழமை, அலுவலகக் கூட்டம் ஓய்ந்த பிறகு, இந்தக் கதைக்கு ஒரு முடிவு போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். மணி நான்கு. 'படகு வந்து' என்று இரண்டு வார்த்தை அடித்திருப்பேன், வலங்கைமானிலிருந்து சதீஷ் என்றொருவர் குத்தகைப் பத்திரத்தோடு வந்துவிட்டார். திரையை அப்படியே விட்டுவிட்டு அவரோடு பேசினேன். சர்வே எண்ணில் குழப்பம், ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவர் போனதும் அந்த இரண்டு வார்த்தையையும் அழித்துவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே ஹுமைரா வாசலில் நின்றாள். ஃபாஜிலின் குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள்.

"நேத்து சாயங்காலம் வந்துச்சு அண்ணி. வாய்க்காலத் தாண்டி உள்ளயே வந்துடுச்சு. கயிறு போட்டா எட்டுற தூரத்துல நின்னுச்சு, ஒரு மணி நேரம், எஞ்சின் ஓடிக்கிட்டே. அண்ணன்தான் உக்காந்திருந்துச்சு. முதுகுதான் தெரிஞ்சுச்சு. கூப்பிட்டேன். திரும்பல."

எத்தனை மணிக்கு என்று கேட்கச் சொன்னேன். மூன்றரைக்கு என்றான். அங்கே மூன்றரை என்றால் இங்கே நான்கு.

என் கைகளைப் பார்த்தேன். பதினேழு வருடம் ஆயிரக்கணக்கான பத்திரம் அடித்த கைகள். அவளிடம் மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன்.

8.

ஹுமைரா அழவில்லை. அவளும் முயன்று பார்த்திருக்கிறாள். ஜூலை பத்தாம் தேதியே இணையதளத்தில் அவளுடைய லாகினை நிறுத்திவிட்டார்கள். நோட்டில் எழுதினாள், போனில் எழுதினாள், சுவரில்கூட எழுதினாள். எதற்கும் பலன் இல்லை.

"ஒங்க கையில அது இருக்கு. எழுதுங்கக்கா. 'சேர்ந்தது'. ஒரே ஒரு வார்த்த."

படகில் யார் வருவார், எந்த நிலையில் வருவார் என்று எனக்குத் தெரியாது என்றேன்.

"எப்படி வந்தாலும் பரவாயில்லக்கா. நான் பாத்துக்குவேன்."

சனிக்கிழமை காலை அவளுடைய மாமியார் ஹபீபுன்னிசா வந்தார், மருமகளுக்குத் தெரியாமல். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஜமாத்தில் கேட்டாராம், காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள முடியாது, காத்திருக்க வேண்டும் என்றார்களாம். விதவையாக இத்தா இருக்கவும் வழியில்லை, இறந்தவருக்கென்று ஃபாத்திஹா ஓதவும் மனசு வரவில்லை. ஹுமைரா விடிந்தால் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் வடக்கா தெற்கா என்று தெரியாமல் நிற்கிறாள். சோறு இறங்குவதில்லை. இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார்.

"அவன நான் பெத்தேம்மா. கூப்பிட்டா திரும்பாத புள்ள இல்ல அவன். அங்க உக்காந்திருக்கிறது யாருன்னு எனக்குத் தெரியல. கரையேத்திடாதீங்க. முங்கிடுச்சுன்னு எழுதிடுங்க. நான் அழுதுக்கறேன். அந்தப் பொண்ணு அவ வயசுக்குப் பொழைக்கட்டும்."

வெளியே கும்பகோணம் பஸ் ஹாரன் அடித்தது. நிறைக்காத டம்ளர் மாதிரி [இந்த உவமை சரியில்லை. அவர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவ்வளவுதான்.]

9.

அஃபிடவிட்டில் 'இன்று வரை தொடர்பில் இல்லை' என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். சட்டத்துக்கு அது போதும்.

கதைக்குப் போதாது. என் முன்னால் இருப்பவை: 'சேர்ந்தது' என்று எழுதினால் மனைவிக்கு ஒருவர் கிடைப்பார், தாய்க்கு அவர் யார் என்று தெரியாது. 'மூழ்கியது' என்று எழுதினால், ஒருவேளை இன்னும் உயிரோடிருக்கும் ஒரு மனிதரை நான் கொல்கிறேன். எழுதாமல் விட்டால் அவர் தினமும் காலையில் வாய்க்காலின் வாய் வரை வந்துகொண்டே இருப்பார், அலை வந்து மறைக்கும்வரை. இந்த மூன்றுக்கும் கீழே என் கையெழுத்தைப் போட எனக்குத் துணிவில்லை. பத்திரத்தில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் நான் எழுதுவேன். இங்கே ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் இரண்டு பெண்கள், இரண்டு தரப்பு.

அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன். நீங்கள் எழுதினால் நடக்கவும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். எனக்கும் நடக்காது என்றுதான் நினைத்திருந்தேன். எழுதுவதற்கு முன் அங்கே மணி என்ன என்று பாருங்கள், நம்மைவிட அரை மணி குறைவு. தொடங்கினால் முற்றுப்புள்ளி வரை போய்விடுங்கள். பாதியில் யாராவது கூப்பிட்டாலும் எழுந்துவிடாதீர்கள்.

எழுவாயை நான் போட்டுவிட்டேன்.

படகு