எழுந்தால் விக்கெட்

நெஞ்சு வலிக்காரனை ஆட்டோவில் கொண்டு வருவார்கள், காரில் கொண்டு வருவார்கள். கண்ணகியின் புருஷனை மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி லோடு வண்டியில் வைத்துக் கொண்டு வந்தார்கள்.

டிவியில் கிரிக்கெட் ஃபைனல். நாராயணசாமி எழுந்தபோதெல்லாம் நம் அணிக்கு விக்கெட் விழுந்ததாம். தண்ணீர் குடிக்க எழுந்தார், ஒன்று போச்சு. கரும்புக்கு மடை மாற்றப் போனார், இன்னொன்று. அதற்குப் பிறகு தெருவே சேர்ந்து அவரை உட்கார வைத்துவிட்டது. வலி வந்தும் வாயைத் திறக்கவில்லை, பாவி மனுஷன். சட்டை தொப்பலாக நனைந்த பிறகுதான் கண்ணகி கவனித்தாள்.

கச்சிராயபாளையம் வரும் வழியெல்லாம் திட்டித் தீர்த்தாள். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஈ காக்கை இல்லை.

"மேட்ச் முடியட்டும், மொத்தமா வந்து விழுவாங்க," என்று அலுத்துக்கொண்டே நர்ஸ் நிர்மலா ஈசிஜி மெஷினை இழுத்தாள். "ஐயா, கட்டில்ல படுங்க."

"இன்னும் ரெண்டு ஓவர்தாம்மா," என்றார் நாராயணசாமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டே.

"யோவ், இன்னா பைத்தியமா உனுக்கு? உசுரு போய்க்கினு இருக்குது, ஓவராம் ஓவரு!" கண்ணகி கத்தினாள்.

புருஷனின் அண்ணன் மகன் சரத்குமார் போனில் ஓடிய மேட்சிலிருந்து கண்ணை எடுக்காமலே வழி சொன்னான். "சீட்டு காலியானாதான சித்தப்பா விக்கெட்டு? சித்தி உக்காரட்டும்."

அட கடவுளே! ஆனால் மனுஷன் அதற்குத்தான் மசிந்தார். அவர் கட்டிலுக்கு நகர, கண்ணகி பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஈசிஜி தாளைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. மாத்திரையைக் கொடுத்தார். "ஹார்ட் அட்டாக்தான். உடனே கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். கூட யாரு வரீங்க?"

வாசலில் 108 நின்றது. ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது நாராயணசாமியின் கண்கள் மூடியிருந்தன. கண்ணகி எழப் போனாள். சரத்குமார் அவள் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"சித்தி, எழுந்துடாதீங்க! மூணு பால்தான்!"

"தூ! நீயெல்லாம் மனுசனாடா?"

நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினாள். முதுகுக்குப் பின்னால் "ஐயையோ" என்று ஒரு ஓலம். விக்கெட் விழுந்துவிட்டது.

ஆம்புலன்ஸில் ஏறி அவர் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. "ஏங்க... ஏங்க..." கன்னத்தைத் தட்டினாள்.

கதவைச் சாத்திய சத்தத்தில் அவர் கண்ணைத் திறந்தார்.

"ஏன்டி எழுந்த?"

அவ்வளவுதான். அவர் கையை முகத்தோடு அழுத்திக்கொண்டு கண்ணகி ஓவென்று அழுதாள்.

"திட்டுங்க," என்றாள். "கள்ளக்குறிச்சி போற வரைக்கும் திட்டிக்கினே வாங்க."