சூடாத்தான் இருக்கு

“சூடாத்தான் இருக்கு சார்.” சிஸ்டர் ஜீவரத்தினம் அவன் காலில் விரல் பட்டதும் படாததுமாக எடுத்துக்கொண்டு அட்டையில் எழுதினாள்.

“நீங்க அமுக்கியே பாக்கல,” என்றான் சுஃபியான்.

“காலைலேர்ந்து இதே பாட்டு. டியூட்டி நான் பாக்கவா, நீங்க பாக்கறீங்களா?”

விபத்தில் எலும்பு தெரியக் கிழிந்த கீழ்க்காலை, அவன் தொடையின் உட்புறத் தசையைத் தோலோடு எடுத்து மூடியிருந்தார்கள். தசை பிழைத்துவிடும், தோலின் நுனிதான் படுத்தும், அதற்காகத்தான் இப்போதெல்லாம் சுற்றியுள்ள சவ்வையும் சேர்த்து எடுக்கிறோம் என்று டாக்டர் சிவகுமார் படம் போட்டு விளக்கியிருந்தார். அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் மறுபடி சிவக்க வேண்டும். நிறம் மாறினால் உடனே சொல்ல வேண்டும். தாமதித்தால் நுனி கருகும். பிறகு இன்னொரு தொடையிலிருந்து எடுக்க வேண்டும்.

பல்லாவரத்துத் தோல் கம்பெனியில் ஏழு வருஷமாகத் தரம் பிரிப்பவன் அவன். ஆட்டுத்தோலைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், தேறுமா கழிவா என்று சொல்லிவிடுவான். இந்த நுனி காலையிலிருந்தே கழிவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அட்டையில் மட்டும் வரிக்கு வரி ‘சூடு உண்டு’.

“அவங்கதான் சூடா இருக்குன்றாங்கல்ல. சும்மா பேஜார் பண்ணாதீங்க மச்சான்,” என்றான் அவன் மனைவி சோயாவின் தம்பி அஃப்தாப்.

விபத்தன்று குரோம்பேட்டை சிக்னலில் ரோட்டில் கிடந்தபடி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சுஃபியான் இவனுக்குத்தான் போன் செய்தான். பயப்படாதே, கை சூடாக இருக்கிறது என்றான். ஆம்புலன்ஸ்காரர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோதும் அந்தக் கை சூடாகத்தான் இருந்தது.

“அன்னிக்கும் சூடாத்தான் இருந்துச்சு, அஃப்தாப்.”

அஃப்தாப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சுஃபியான் அஃப்தாப்பின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினான். எக்கி, சாம்பல் பூத்த ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டான், கம்பெனியில் கழிவுக்குப் போடும் அதே கோடு. பக்கத்தில் மணி எழுதினான்: 2.10.

மூன்று மணிக்கு சாம்பல் நிறம் கோட்டைத் தாண்டி ஒரு விரலகலம் வந்திருந்தது. குனிந்து பார்த்த அஃப்தாப் வெளியே போனான். வராந்தாவில் அவன் குரல் கேட்டது. “டாக்டர இப்ப கூப்புடறீங்களா, நானே போய் இட்டுகினு வரவா?”

சிவகுமார் வேகமாக வந்தார், பின்னால் சிஸ்டரும் அஃப்தாப்பும். “கோடு யாரு போட்டது?”

சுஃபியான் பேனாவை அஃப்தாப்பிடம் நீட்டினான். அவர் கோட்டருகே கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். வெள்ளையாக ஒரு தடம் விழுந்தது. அது சிவப்பதற்காக நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.