மூன்று மணிப் பக்கம்

“ஏதாவது சொல்லணுமா, ஆஸ்டிஸ்?”

“கையுறை எடுத்துக்கிட்டியான்னு கேக்க வந்தேன்.”

“இதைக் கேக்கவா விமான நிலையம் வரைக்கும் வந்த?” என்று சிரித்தான் ஸ்டெய்னார். “நானும் பஃபின் பறவை மாதிரிதான். குளிர் வந்தா கிளம்புவேன், ஏப்ரல்ல அதே பொந்துக்கு வந்துடுவேன்.”

அது போன நவம்பர். என் கணவன் ஒவ்வொரு குளிர்காலமும் நார்வேக்குப் படகு ஓட்டப் போகிறான். போகாதே என்ற சொல் ஐந்து வருடமாக என் தொண்டையில் நிற்கிறது.

இன்று காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்: “அங்க வருஷம் முழுக்க வேலை தர்றாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.”

“நல்லதுதானே” என்றேன்.

பத்து மணிக்கு, திமிங்கிலம் பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு எங்கள் படகு ஹூசவிக் துறைமுகத்தை விட்டது. சுக்கான் அறையில் அவன், முன்தளத்தில் ஒலிவாங்கியுடன் நான், முப்பது பயணிகள். எங்களுக்குப் படகுதான் கடிகாரம். அதன் மூக்கு பன்னிரண்டு, வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்பது. பயணிகளைப் பார்த்து நிற்கும் என்னைப் போன்ற வழிகாட்டிக்கு எல்லாமே தலைகீழ். உன் வலது கையை நம்பாதே என்பதுதான் முதல் நாள் பாடம்.

என் தோளுக்கு அருகே ‘புஸ்’ஸென்று நீர்ப்புகை எழுந்தது.

“மூணு மணி! ரொம்பப் பக்கத்துல!” என்று கத்தினேன். அது என் வலப்பக்கம். படகுக்கு இடப்பக்கம்.

நான் சொன்ன பக்கத்தையே பார்த்தபடி, திமிங்கிலத்துக்கு வழிவிட ஸ்டெய்னார் படகை இடப்பக்கம் திருப்பினான்.

எங்கள் மூக்குக்கு நேரே கடல் பிளந்தது. இயந்திரம் பின்னோக்கி இயங்கி அலறியது. அந்தக் குலுக்கலில் நான் தளத்தில் விழுந்தேன். திமிங்கிலத்தின் தாடையில் ஒட்டியிருந்த சிப்பிகள் கையெட்டும் தூரத்தில் கடந்து போயின. அழுகிய மீன் நாற்றமடிக்கும் மூச்சு முகத்தை நனைத்தது. பிறகு ஒரு கீறலும் இல்லாத வால் நிதானமாக எழுந்து, மூழ்கியது.

ஒரு ஜெர்மன் அம்மாள் கைதட்டினாள். “இதைத் தினமும் செய்வீங்களா?”

இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஸ்டெய்னார் வெளியே வந்தான். முகம் உப்பைப்போல வெளுத்திருந்தது.

“அது ஒன்பது மணி, ஆஸ்டிஸ். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நீ...”

ஏதாவது செய்ய வேண்டுமே என்று பயணிகளுக்கான சூடான கோகோவை ஊற்றினேன். கோப்பை நிறைந்து தளத்தில் ஓடியது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக் கூஜாவை வாங்கிக்கொண்டான்.

“ஏதாவது சொல்லணுமா?”

“கையுறை...” என்று ஆரம்பித்தேன். பற்கள் அடித்துக்கொண்டன.

“போகாத, ஸ்டெய்னார். என்கூடவே இரு.”